மாதா கோயில் மலையில் நீங்கள் சாப்பிடாத ஆவக்காய்

அத்தானுக்கு,

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவன், அக்கா கொடுத்துவிட்ட ஊறுகாய் ஜாடியைத் திறந்தேன். கடுகு நெடி மூக்கில் ஏறி உச்சந்தலையில் போய் உட்கார்ந்துகொண்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காரமா என்று வீட்டுக்காரி கேட்டாள். ஆமாம் என்று சொல்லி ஜாடியை மூடி நகர்த்திவிட்டு, வெறும் ரசம் சோற்றைத் தின்று எழுந்தேன். கடிதம் என்றால் நலமா என்று கேட்டுத் தொடங்க வேண்டும். உங்களிடம் அதைக் கேட்க முடியாது. கேட்க வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. அதற்கு நான் கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனாலும் காரைக்குடியில் யாத்திரை பஸ் விடுகிறவர்களில் என்னைப் போல மைக் பிடித்துப் பேச ஆள் கிடையாது. எந்தக் கோயில் வாசலில் பஸ்ஸை நிறுத்தினாலும் நான் தல வரலாறு சொல்லச் சொல்ல, ரிட்டயர் ஆன வாத்தியார்கள் குறிப்பெடுத்துக்கொள்வார்கள். சரி, வாத்தியார்கள் இல்லை, ஒரே ஒரு வாத்தியார். அவரும் அடுத்த வேளைச் சாப்பாடு எந்த ஊரில் என்பதைத்தான் எழுதிக்கொண்டிருந்தார். பாருங்கள், உங்களுக்கு எழுதும்போது என் கை தானாகவே தணிந்து வருகிறது.

நீங்கள் இருந்தவரை என் பேச்சுக்கு ஒரு கட்டு இருந்தது. நாச்சியாபுரத்தில் உங்கள் வீட்டு முற்றத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பீர்கள். நான் அக்காவிடம் காசியில் வெள்ளம் வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருப்பேன். தண்ணீர் பஸ் ஜன்னல் வரைக்கும் ஏறியதும் பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வரும். “மாப்ளே, பாதியக் கழிச்சிட்டுச் சொல்லு.” நான் தண்ணீரை டயர் வரைக்கும் இறக்குவேன். பேப்பர் அசையாது. இன்னும் கொஞ்சம் இறக்கினால், ஒரு பக்கம் திரும்பும். நீங்கள் ஒத்துக்கொண்டீர்கள் என்று அர்த்தம். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். எனக்கு அதில் வருத்தமே இருந்ததில்லை. நீங்கள் கழித்துவிடுவீர்கள் என்ற தைரியத்தில்தான் நான் கூட்டிக்கொண்டே போனேன்.

என்னைப் பற்றி ஊருக்கே எல்லாம் தெரியும், நடக்காதது உட்பட. உங்களைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால் விசாகப்பட்டினம் துறைமுகத்தில் சில வருஷம் இருந்தீர்கள். கப்பலில் ஏறுகிற, இறங்குகிற மூட்டைகளுக்குக் கணக்கெழுதும் வேலை. அப்புறம் ஊருக்கு வந்து திருப்பத்தூரில் உரக்கடை போட்டீர்கள். அந்த வருஷங்களைப் பற்றிக் கேட்டால் ஒரே பதில்தான். மலை மேல் ஒரு மாதா கோயில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை போவேன், அங்கிருந்து பார்த்தால் கப்பல் உள்ளே வருவது தெரியும். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. சாமி கும்பிடப் போனீர்களா, சும்மா உட்காரப் போனீர்களா, யாராவது கூட வந்தார்களா என்று அக்கா கிளறிக் கிளறிக் கேட்பாள். அதுதான் சொன்னேனே என்று பேப்பரை விரித்துவிடுவீர்கள். என் பஸ்ஸில் ஒரு தடவை வாருங்கள் என்று நான் கூப்பிட்டபோது என்ன சொன்னீர்கள், ஞாபகம் இருக்கிறதா? “நீ கூட்டிட்டுப் போனா, நான் பாத்த மலைய எனக்கே புதுசாக் காட்டிப்புடுவ.” 

போன வைகாசியில் கடையில் உரமூட்டை மேல் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்தியவளிடம் உங்கள் இளவட்டக் காலத்தைப் பற்றி அந்த ஒரு பதிலை மட்டும் கொடுத்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

அதற்கப்புறம் அக்கா பேசுவதே குறைந்துவிட்டது. சோற்றைப் பிசைவாள், பிசைந்துகொண்டே இருப்பாள். இந்த மாசியில் பூரி யாத்திரை கிளம்பியபோது, சமையலுக்கு ஆள் குறைகிறது, துணைக்கு வா என்று பொய் சொல்லித்தான் ஏற்றினேன். வருஷம் திரும்பாமல் கோயிலுக்குள் வரமாட்டேன் என்று எல்லா ஊரிலும் பஸ்ஸிலேயே உட்கார்ந்து மற்றவர்களின் பைகளைக் காவல் காத்தாள். சிம்மாசலத்திலும் கீழேயே இருந்துவிட்டாள். 

விசாகப்பட்டினத்தில் கூட்டத்தைக் கடற்கரையில் இறக்கிவிட்டு, அக்காவை மட்டும் ஆட்டோவில் ஏற்றினேன். எங்கே என்று கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. வழியில் நிறுத்தச் சொல்லித் தேங்காய், பழம், வெற்றிலை எல்லாம் வாங்கிக்கொண்டாள். மலையடிவாரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றவளுக்குத் திடீரென்று யோசனை வந்துவிட்டது. 

“வருசம் திரும்பாம மலை ஏறக் கூடாதேடா.”

“அது நம்ம சாமிக்குக்கா. மாதாவுக்கு அந்தச் சட்டம் கெடையாது. வேதக்காரங்க புஸ்தகத்துலயே போட்டுருக்கு” என்றேன். அந்தப் புத்தகத்தை நான் கையால் தொட்டதுகூட இல்லை.

மேகம் வந்து உரசுகிற மலை அத்தான் அது. இல்லை, உங்களிடம் எதற்கு. குன்றுதான். பக்கத்துக் குன்றுகளில் ஒரு பெருமாள் கோயிலும் ஒரு பள்ளிவாசலும் இருக்கின்றன. ஆனால் அக்காவின் முழங்காலுக்கு அதுவே மலை. நின்று நின்று ஏறினாள். மேலே வெள்ளையடித்த பழைய சுவர், நெட்டையான கதவு, உள்ளே மெழுகுவர்த்தி வாசம். முன்னால் விளிம்பிலிருந்த குட்டைச் சுவரோரம் போய்ப் பார்த்தோம். கீழே துறைமுகம் முழுக்க விரிந்து கிடந்தது. கடல் ஒரு வாய்க்கால் மாதிரி ஊருக்குள் நுழைகிறது. எதிர்ப் பக்கம் இன்னொரு மலை கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. கிரேன்கள், கரிக்குவியல், துருப்பிடித்த கப்பல், புதுப் பெயிண்ட் அடித்த கப்பல். நீங்கள் சொன்னது சரிதான். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அக்கா நேரே வாசல் படியில் தேங்காயை உடைக்கக் கையை ஓங்கினாள். அங்கே இருந்த வாட்ச்மேன் ஓடிவந்து தடுத்தார். நல்ல வயசாளி. அவரைப் பார்த்ததும் அக்காவுக்கு ஒரு எண்ணம் வந்தது. அந்தக் காலத்திலிருந்தே இங்கே இருப்பவராக இருக்குமோ, உங்கள் போட்டோவைக் காட்டிக் கேள் என்றாள். எனக்குத் தெலுங்கு தண்ணீர் பட்ட பாடு என்று பஸ் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறேன். இப்போது பின்வாங்க முடியுமா? போனிலிருந்த உங்கள் போட்டோவை நீட்டி, தமிழிலேயே ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு ‘லு’ போட்டுக் கேட்டேன். அவர் போட்டோவைப் பார்த்தார், அக்காவின் தேங்காயைப் பார்த்தார், மளமளவென்று ஏதோ சொன்னார். கையால் துறைமுகத்தைக் காட்டினார். அப்புறம் சுவரைக் காட்டினார். கடைசியில் தன் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். கோயில் சாத்தும் நேரமாகிவிட்டது, அங்குட்டுப் போங்கள் என்றுதான் சொல்லியிருப்பார். 

“என்னடா சொல்றாரு?” என்றாள் அக்கா. அவள் குரலில் அப்படி ஒரு ஆசையை நான் பல மாசமாகக் கேட்டதில்லை.

தெரியலக்கா என்று சொல்லியிருக்கலாம். இத்தனை வயசில் அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்ததே இல்லை. “அத்தான நல்லாத் தெரியுமாம்க்கா” என்றேன். துறைமுகத்தைக் காட்டினாரே, அங்கிருந்து நடந்தே வருவாராம். சுவரைக் காட்டினாரே, அதில்தான் உட்காருவாராம். மணிக்கட்டைத் தட்டினாரே, மணி அடித்தாற்போல் நேரம் தவறாமல் வருவாராம். கை ஜாடை ஒவ்வொன்றுக்கும் ஒரு அர்த்தம் வைத்துக்கொண்டே போனேன். வாட்ச்மேன் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துக் கொஞ்சம் தள்ளி ஒரு குடும்பம் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. வெள்ளைச் சோறு, சிவப்பாக எண்ணெய் மிதக்கும் ஊறுகாய். அது என் கண்ணில் பட்டிருக்கக் கூடாது. பட்டுவிட்டது. “இங்கன ஒரு கெழவி சோறு கொண்டாந்து விப்பாளாம். ஆவக்கா ஊறுகாயப் போட்டுப் பெசஞ்சு அத்தான் ஆசை ஆசையாச் சாப்புடுவாகளாம். அதுக்காகவே மலை ஏறுவாகளாம்” என்றேன்.

அக்கா அந்தச் சுவரை முந்தானையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். ஒரு கப்பல் உள்ளே வந்தது. ரொம்பக் கிட்டத்தில், மேல்தட்டில் நடக்கிற ஆள் தெரிகிற அளவுக்கு வந்தது. அக்கா அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அன்றைக்கு ராத்திரி ஹோட்டலில் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினாள். எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? டாக்டருக்குப் படித்தவன்கூட இப்படி ஒரு வைத்தியம் பார்த்திருக்க மாட்டான் என்று பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்து மார்தட்டிக்கொண்டேன்.

அந்த மார்தட்டல் பங்குனி வரைக்கும்தான். அக்கா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கண்டரமாணிக்கம் வரை போய்ச் சொந்தக்காரர்களிடம் சொல்லிவிட்டு வந்தாள். சொல்லச் சொல்ல அவளுக்குள் ஒரு கேள்வி முளைத்துவிட்டது. நீங்கள் கடுகு தின்ன மாட்டீர்கள். குழம்பில் மிதக்கும் கடுகை ஒவ்வொன்றாகப் பொறுக்கி இலை ஓரத்தில் வரிசையாக வைப்பீர்கள். ஆவக்காய் என்றால் மாங்காயில் கடுகைப் பொடித்துக் கொட்டி ஊறவைப்பது. இது எனக்குத் தெரியாதா? தெரியும். மலை மேல் கதை சொல்லும்போது ஞாபகத்துக்கு வரவில்லை. அக்காவுக்கு வந்துவிட்டது.

ஒரு நாள் போனில் சொன்னாள். “அங்கன கடுகுப் பொடியில ஊறுனத ஆசையாத் தின்ன மனுசன், இங்கன கடுகப் பொறுக்கி வச்சாகன்னா, கொற என் கையிலதானடா. கருக விட்டுத் தாளிச்சிருக்கேன் போல. வாயத் தொறந்து ஒரு நாள் சொல்லலியே அவுக.”

அவளைத் தேற்றச் சொன்னது, அவள் முப்பத்தைந்து வருஷச் சமையலில் மண்ணைப் போட்டிருந்தது. நீங்கள் வாய்விட்டுக் கேட்காத ஒன்றைத் தான் செய்து போடவில்லை என்று அக்கா ராத்திரி எல்லாம் அழுகிறாள் என்று உங்கள் மகள் பெங்களூரிலிருந்து போன் போட்டாள். என்ன மாமா சொன்னீங்க அம்மாகிட்ட என்று கேட்டாள். அவளிடமும் நான் மழுப்பினேன்.

என்னைப் பற்றி நான் ஆயிரம் சொல்லலாம் அத்தான். அது என் சரக்கு, நம்புகிறவர் நம்பட்டும். இது உங்கள் பேரில் சொன்னது. நீங்கள் இருந்திருந்தால் பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு வார்த்தையில் ஆவக்காயைத் தூக்கி எறிந்திருப்பீர்கள். செத்தவர் மறுக்க மாட்டார் என்று தெரிந்துதான் சொன்னேனோ என்று இப்போது யோசிக்கிறேன். அப்படி நினைக்கும்போது தூக்கம் வரமாட்டேன் என்கிறது. கொட்டாவி விட்டுக்கொண்டு பஸ்ஸில் மைக்கைப் பிடித்தால் வாய் பாட்டுக்குப் பேசுகிறது, காது மட்டும் கூசுகிறது.

தலைத்திவசத்துக்கு உங்களுக்குப் படையல் போடும் இலையில் ஆவக்காய் வைக்கப்போவதாக அக்கா முடிவு செய்துவிட்டாள். போனில் ஒரு ஆந்திராக்காரம்மா செய்து காட்டியதைப் பார்த்து மாங்காய் வாங்கிவிட்டாள். ஊற வேண்டும் என்று முந்தின வாரமே வேலையை ஆரம்பித்துவிட்டாள். அது இலைக்கு வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நாச்சியாபுரத்துக்கு ஓடினேன். அடுப்படி வாசலில் முறத்தில் கடுகைப் புடைத்துக்கொண்டிருந்தாள். 

“அக்கா, அந்த வாட்ச்மேன் பேசுனது எனக்கு ஒண்ணும் வெளங்கல. நானாத்தான் சொன்னேன்.”

முறம் நிற்கவில்லை. “என்னத்த?”

“அத்தான அவருக்குத் தெரியாதுக்கா. கெழவியும் இல்ல, ஆவக்காயும் இல்ல. எனக்குத் தெலுங்கே தெரியாது.”

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். கோபப்படுவாள், முறத்தைத் தூக்கி வீசுவாள் என்று எதிர்பார்த்து நின்றேன். அவள் சின்னப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். 

“நான் அழுதேன்னு ஒம் மருமக போன் போட்டுச் சொன்னாளாக்கும். என் மனசு ஆறட்டும்னு இப்ப வந்து புளுகுற.”

“நெசமாக்கா.”

“ஒன்னைய நீ பொறந்ததுலருந்து நான் பாக்குறேன். நெசம் பேசுனா ஒனக்குக் கை ஆடும். அந்த மலையில நின்னு சொன்னப்ப எப்புடி ஆடுச்சு. இப்ப பாரு, கையக் கட்டிக்கிட்டு நிக்குற.”

குனிந்து பார்த்தேன். கட்டித்தான் இருந்தேன். சத்தியம் பண்ணட்டுமா என்று கேட்டேன். தீட்டு வீட்டில் பொய்ச் சத்தியம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கடுகைப் புடைக்கப் போய்விட்டாள். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை பாதியைக்கூடக் கழிக்கத் தேவையில்லாத பேச்சைப் பேசினேன். அதை என் கூடப் பிறந்தவள் நம்பவில்லை.

திவசத்தன்று உங்கள் போட்டோவுக்கு முன்னால் இலை போட்டாள். உங்களுக்குப் பிடித்தது எல்லாம் இருந்தது. ஒன்றிலும் கடுகு தாளிக்கவில்லை. இலை நடுவில் சோற்றின் மேல் எண்ணெய் சொட்டச் சொட்ட ஆவக்காய். குனிந்து உங்களிடம் மட்டும் கேட்கிற மாதிரி, “இத்தன நாளு நான் கேக்காமப் போயிட்டேன், சாப்புடுங்க” என்றாள். நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். என் தலையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கடைசி நம்பிக்கையாகக் காக்காயை நம்பினேன். படைத்ததில் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து மாடிச் சுவரில் வைத்தார்கள். அது அந்த மாங்காயை ஒதுக்கிவிட்டால், அவுகளுக்குப் பிடிக்கல பாரு என்று நான் ஒரு வார்த்தை போடலாம். நின்று பார்த்தோம். ஒரு காக்கா வந்தது. சோற்றைத் தொடவில்லை, வடையைத் தொடவில்லை. நேரே ஆவக்காய்த் துண்டைக் கொத்திக்கொண்டு எதிர்வீட்டு ஓட்டுக்குப் போய்விட்டது. பாத்தீகளா, பாத்தீகளா என்று பெண்கள் எல்லாரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். அக்கா சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்து அழுதாள். அத்தான், அது நீங்களா? நீங்கள் என்றால் ஏன் அப்படிச் செய்தீர்கள்? 

நேற்று மறுபடி போனேன். வந்தவர்கள் எல்லாரும் ஊர் திரும்பிவிட்டார்கள். எனக்குச் சோறு போட்டுவிட்டு, மலைக் கதையை இன்னொரு தடவை சொல் என்றாள். இப்போதெல்லாம் போனால் இது உண்டு. இந்தத் தடவை நான் ஒரு திட்டத்தோடு போயிருந்தேன். மொத்தத்தையும் ஒரே நாளில் பிடுங்கினால் நம்ப மாட்டாள். தடவைக்கு ஒன்றாகக் குறைத்துவிட வேண்டும், முதலில் கிழவி. நடந்து வந்ததைச் சொன்னேன், சுவரைச் சொன்னேன், கப்பலைச் சொன்னேன், கையை நன்றாக ஆட்டினேன். கிழவி வருகிற இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

“கெழவி எங்கடா?”

“அன்னைக்கி அவ வரலக்கா.”

அக்கா தட்டையும் கரண்டியையும் கீழே வைத்தாள். 

“அப்ப அவுக என்ன சாப்புட்டாக?”

“சும்மா உக்காந்துருந்தாக.”

“வெறும் வயித்தோடயா? தெரியாத ஊரு, வெயிலு வேற. சின்ன வயசுடா அவுகளுக்கு. பசிச்சிருக்குமே.”

அவள் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை. இன்னும் தன்னைக் கட்டிக்கொள்ளாத ஒரு பையன் அந்த மலையில் பசியோடு உட்கார்ந்திருப்பதை அவள் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கை தானாக ஆடத் தொடங்கியது. “அன்னைக்கி மாதா கோயில்ல திருவிழாக்கா. வந்த ஆளுக அம்புட்டுப் பேருக்கும் சாப்பாடு போட்டாக. அத்தான் பந்தியில உக்காந்து தயிர்ச்சோறு சாப்புட்டாகளாம்” என்றேன்.

“கடுகு போட்டுருந்தாகளா?”

“இல்லக்கா.”

“அப்ப நல்லாச் சாப்புட்டுருப்பாக” என்று சொல்லிவிட்டு, அக்கா எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் உண்மையில் என்னதான் சாப்பிட்டீர்கள், அத்தான்? அது தெரியாமல்தான் நான் உங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறேன்.